சனியின் நிறம் கேட்டவளுக்கு

நேற்று சாயங்காலம் அச்சகத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்குவதற்குள் மேசை இழுப்பறையைத் துழாவினேன். கையில் அகப்பட்டது அந்தச் சின்ன டார்ச். பொத்தானை அழுத்தியதும் சுவர், காகிதக் கட்டு, என் கை எல்லாம் சிவந்துபோயின. கண்ணாடி மேல் நாம் சுற்றிக் கட்டிய சிவப்புத் தாள் அப்படியே இருந்தது. ரப்பர் பேண்டு மட்டும் வெக்கைக்கு இளகித் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. மிஷினில் நின்றவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, வெளிச்சம் ரத்தம் மாதிரி இருக்கு?" என்றார். "இது நட்சத்திரம் பாக்குறதுக்கு உள்ள லைட்டு" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்ட் வந்துவிட்டது. நான் மட்டும் கொஞ்ச நேரம் அதை அணைக்காமல் வைத்திருந்தேன்.

இன்று காலை ஆட்கள் வருவதற்கு முன்பே வந்து, உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கடைசி மாதங்களில் உனக்கு எதையும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. இதை வாசித்துக் காட்ட அங்கே யார் இருக்கிறார்களோ.

விருதுநகரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம் என்பதைத் தவிர, அந்தக் காலத்தில் நமக்குள் பெரிய சிநேகம் ஒன்றும் இல்லை. எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் சடையை இழுப்பவள் நீ. படிப்பு முடிந்ததும் உன்னை அதே ஊரில் பருப்பு, மிளகாய் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். நான் சிவகாசியில் காலண்டர் அடிக்கிற வீட்டுக்கு மருமகளாக வந்தேன். பிறகு எங்காவது கல்யாண வீட்டில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அவ்வளவுதான்.

நம் சிநேகம் உண்மையில் தொடங்கியது மதுரையில், கண் ஆஸ்பத்திரி வராந்தாவில். மாமியாருக்குக் கண்புரை என்று கூட்டிப்போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி, நான் நர்சிடம் பேசியதைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டாள்.

"ஏட்டி, அது நீயா? சடக்காரி?"

பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "உனக்கு என்னட்டி கண்ணுக்கு?" என்றேன்.

"சக்கரை. வாயில இனிக்கட்டும்னு சாப்பிட்டா, அது எங்கன போயி உக்காந்துருக்கு பாரு. வலது கண்ணு பாதிக்கு மேல போயிருச்சு. இடது ஓடுது. ராத்திரியில ரெண்டும் ஓடாது" என்று சிரித்தாய்.

எனக்கு அப்போது வீட்டில் ஒன்று மாற்றி ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். கணவருக்கு நெஞ்சுவலி. அவர் தேறி வருவதற்குள் மழைத்தண்ணீர் குடோனுக்குள் புகுந்து, அடித்து வைத்திருந்த காகிதம் எல்லாம் ஊறிப்போனது. என் கணவருக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்றார் மாமியார். சனிக்கிழமை தவறாமல் என்னை எள் விளக்குப் போட வைத்தார். இதையெல்லாம் அந்த வராந்தாவில் உன்னிடம் கொட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய். கடைசியில் சொன்னாய்:

"ஏளரை வருசமா ஒருத்தன் உங்க குடும்பத்தப் போட்டு இம்புட்டுப் பாடு படுத்துறான்ங்குற. அவன் மூஞ்சிய நீ பாத்துருக்கியா?"

"கோயில்ல பாக்குறேனே."

"செலையச் சொல்லலட்டி. நெசத்துக்கும் மேல இருக்காம்ல, வளையம் போட்டுக்கிட்டு. புஸ்தகத்துல படம் இருந்துச்சே. அத எனக்குப் பாக்கணும். கண்ணு ஓடுறப்பயே பாக்கணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாய். மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கோளரங்கம் இருக்கிறது, மாதம் ஒரு சனிக்கிழமை பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள், காட்சி முடிந்ததும் மைதானத்தில் தொலைநோக்கி வைத்து வானத்தைக் காட்டுகிறார்கள் என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தாய். வருகிறவர்கள் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும் என்பதும் உனக்குத் தெரிந்திருந்தது. "தாளுக்கு உங்கிட்டதான் பஞ்சமில்லையே" என்றாய். பட்டாசுப் பெட்டிகளுக்குச் சுற்றுகிற சிவப்புக் கண்ணாடித் தாளில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மாமியாரிடம், "சனி பாக்கப் போறோம் அத்தே" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதும்மா. ரெண்டு பேரும் எள்ளு எடுத்துக்கிட்டீகளா?" என்றார். ஆமத்தூர் தாண்டுகிற வரைக்கும் பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். விருதுநகரில் நீ ஏறியதும் அதைச் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

கோளரங்கத்தின் உள்ளே பெரிய வெள்ளைக் கூரை. "அண்டாவக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு" என்றாய். நாற்காலிகள் பின்னால் சாய்ந்தன. எனக்குக் கூச்சமாக இருந்தது. நீ சேலையைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் படுத்திருப்பவள் மாதிரி சாய்ந்துவிட்டாய். மைக்கில் பேசியவள் ஓர் ஆராய்ச்சி மாணவி, நம்மூருக்குப் பக்கத்து மல்லாங்கிணற்றுப் பெண். கூரையின் விளிம்பில் அந்தி வெளிச்சமும் கட்டடங்களின் நிழலும் தெரிந்தன. "இப்ப ரோட்டு லைட்டு, வீட்டு லைட்டு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அணைக்கப் போறேன். பயப்படாதீங்க" என்றாள்.

இருட்டியது. அப்புறம் மேலே ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றாக வந்தது போய், எங்கே பார்த்தாலும் இருந்தன.

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். பயந்துவிட்டாய் என்று நினைத்துக் குனிந்தேன்.

"தெரியுதுட்டி" என்றாய்.

"என்னது?"

"அம்புட்டும் தெரியுதுட்டி. இத்தனை நாளா எனக்கு ராத்திரின்னா கறுப்புச் சிலேட்டுதான். இங்கன எல்லாம் தெரியுது."

கூரையில் ஒளிரும் புள்ளிகள் நிஜ வானத்தில் நம் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களைவிடப் பெரியவை, அதனால் உனக்குத் தெரிந்தன என்று பிறகு புரிந்தது. அப்போது எனக்கு அதெல்லாம் தோன்றவில்லை. உன் கன்னம் ஈரமாக இருப்பது அந்த வெளிச்சத்திலேயே தெரிந்தது.

அந்தப் பெண் ஒரு சின்ன அம்பை நகர்த்தினாள். "இந்தக் கூட்டம்தான் கார்த்திகை. பக்கத்துல கொஞ்சம் சிவப்பா இருக்கே, அது ரோகிணி."

நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நாள்காட்டியின் ஒவ்வொரு தாளையும் பிழை திருத்துவது எங்கள் வீட்டில் என் வேலை. திதி, நட்சத்திரம், ராகு காலம். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ரோகிணி என்ற சொல்லை எத்தனை முறை திருத்தியிருப்பேன்! நான் பிறந்ததும் ரோகிணியில்தான். அர்ச்சனைத் தட்டில் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அது எனக்கு ஒரு சொல், அவ்வளவுதான். விரலை நீட்டி இதோ என்று காட்டக்கூடிய ஓர் இடத்தில் அது இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. உன் காதில் இதைச் சொன்னேன்.

"ஒன் நச்சத்திரத்தையே நீ பாத்ததில்லையா? ஊருக்கெல்லாம் அடிச்சு அனுப்புறியேட்டி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாய். முன் வரிசை முழுக்கத் திரும்பியது.

வெளியே வந்தபோது தூறல். ஐப்பசி மேகம் கவிந்து கிடந்தது. தொலைநோக்கியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பெண் நம்மிடம் வந்து, "மன்னிச்சுக்கோங்கம்மா. மழ முடிஞ்சதும் வாங்க, கண்டிப்பா காட்டுறேன்" என்றாள். "அவன் எங்கன போயிரப் போறான்" என்றாய் நீ. அவன் போகமாட்டான். நான் உன் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விருதுநகரில் இறங்கியதும் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தாய். "சக்கரைக்காரி நீ" என்றேன். "இன்னைக்கு நான் வானத்துல இருந்து எறங்கி வந்தவ" என்றாய். வாங்கிக் கொடுத்தேன்.

அதன் பிறகு காலண்டர் சீசன். மார்கழி முடிகிற வரை என்னால் அச்சகத்தை விட்டு நகர முடியவில்லை. பொங்கல் கழித்து உன் வீட்டுக்கு வந்தபோது உன் மகன் என்னைப் பிடித்துக்கொண்டான். உன் தங்கையை அழைப்பதுபோல என்னையும் அவன் சாச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"சாச்சி, நீங்களாவது சொல்லக்கூடாதா? பகல்லயே நெலைப்படி தெரியாம இடிச்சுக்கிடுறாக. இருட்டுல அங்கன போயி எதப் பாக்கப் போறாக?"

உள்ளேயிருந்து நீ குரல் கொடுத்தாய். "கண்ணு இருக்கையில பாக்காம, அப்புறம் அது எதுக்குலே எனக்கு?"

 அப்படியானால் பஸ்ஸில் விடமாட்டேன், நானே காரில் கூட்டிப்போகிறேன் என்றான். அப்படித்தான் மூன்று பேராகப் போனோம். அவன் காரிலேயே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேற்கே வெள்ளி கண்ணைப் பறித்தது. அதற்குச் சற்றுத் தள்ளி மங்கலாக ஒரு புள்ளி. அதுதான் சனி என்று கையால் காட்டினாள் அந்தப் பெண். மைதானத்தில் பிள்ளை குட்டிகளோடு நல்ல கூட்டம். வரிசையில் நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் முறை வந்தது. உன் தலையை மெதுவாக அந்தக் கண்ணாடிக்குக் கொண்டுபோனேன். நீ குனிந்து நெடுநேரம் அசையாமல் நின்றாய்.

"தெரியுதாம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"தெரியுது தாயி. நல்லாத் தெரியுது."

அடுத்தவருக்கு விடுவதற்கு முன் அவள் குனிந்து பார்த்தாள். "அடடா, நகந்து போயிருச்சே" என்றாள். பூமி சுற்றுவதால் எந்தக் கோளும் கொஞ்ச நேரத்தில் குழாயின் பார்வையை விட்டு விலகிவிடுமாம். திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டுமாம். "நீங்க பாத்தப்ப வெறும் இருட்டுதான் இருந்துருக்கும். இருங்கம்மா, திருப்பி வைக்கிறேன்."

"இருக்கட்டும் தாயி. பின்னால பிள்ளைக நிக்குது" என்று நீ விலகினாய்.

உன்னைக் கூட்டிப்போய் வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தேன். எனக்குக் கேட்கத் தெரியவில்லை. நீயே சொன்னாய்.

"நாலஞ்சு நாளா இடது கண்ணுக்குள்ள புகை மாதிரி ஓடுது. இன்னைக்குக் காலையில இருந்து புகைதான், வேற ஒண்ணுமில்ல. ரத்தம் கசியுது போல."

"ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா கூட்டிட்டு வந்துருப்பியா? ஆஸ்பத்திரிக்கில்ல கொண்டுபோயிருப்பீக, நீயும் அவனும் சேந்து."

"இப்பவே போவோம். அவன்கிட்டச் சொல்லப் போறேன்."

எழுந்தவளின் சேலையைப் பிடித்து இழுத்தாய். "நாளைக்கு விடியவும் வாரேன். கத்திய வச்சாலும் சரின்னு வாரேன். இப்ப நீ போயி அதப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

போய் வரிசையில் நின்றேன். பார்த்தேன். திரும்பி வந்து, "நல்லாருக்குட்டி" என்றேன்.

உனக்கு வந்த கோபத்தை நான் மறக்கவில்லை. "நல்லாருக்குன்னா? சேலை எப்படி இருக்குன்னு கேட்டா சொல்லுற மாதிரி சொல்லுற. என்ன நெறம்? எம்புட்டுப் பெருசு? வளையம் இருக்கா இல்லையா? நீ ஒழுங்கா பாக்கவே இல்ல."

உண்மைதான். கண்ணை வைத்தேன், எடுத்தேன், அவ்வளவுதான். மறுபடி வரிசையில் நின்றேன். இந்த முறை பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் இருந்தவர் தொண்டையைச் செருமினார். வந்து சொன்னேன். "வறுத்த பாசிப்பருப்பு நெறம்." உன் முகம் கொஞ்சம் இளகியது. வறுத்த பருப்பு உனக்குத் தெரியாததா! "எளசா வறுத்ததா, சிவக்க வறுத்ததா?" என்றாய். எளசா என்றேன். "வளையம்?" அதைச் சொல்ல முடியாமல் மூன்றாவது முறையும் போனேன். அந்தப் பெண் இதற்குள் நம்மைக் கவனித்துவிட்டாள். என்னை ஓரமாக நிறுத்தி, கூட்டம் குறைந்ததும் ஆற அமரப் பார்க்க விட்டாள். இந்த வருடங்களில் வளையம் நம் பக்கம் சாயாமல் படுத்திருக்கிறது, அதனால் கோடு மாதிரிதான் தெரியும் என்றாள்.

உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "ஊசியில ஒரு முத்தக் கோத்து, பாதியில நிறுத்திப் பிடிச்ச மாதிரி இருக்குட்டி. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஊசி நீட்டிக்கிட்டு இருக்கு. லேசா நடுங்குது. தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி."

நீ கண்ணை மூடிக்கொண்டாய்.  பிறகு, "பயமா இருக்கா, பாத்தா?" என்றாய்.

"இல்லட்டி. ரொம்பச் சின்னதா இருக்கு. தனியாக் கெடக்கு. பாவமா இருக்கு."

"அப்ப பாத்தாச்சு" என்றாய். "வா, போவோம்."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோளரங்கம், தொலைநோக்கி, உன் கண் எல்லாம். ஏமாற்றிவிட்டதாகக் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "கறுப்பாவா இருந்தாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல அத்தே. பருப்பு நெறம்."

அவர் யோசித்தார். "அப்ப சாந்தமாத்தான் இருக்காரு" என்றார். அடுத்த சனிக்கிழமை இரண்டு விளக்குப் போட்டார். ஒன்று உன் கண்ணுக்கு.

தொலைநோக்கி பார்க்கப் போய்வந்த மறுநாளே, சொன்னபடி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாய். அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர்கள் ஒன்றும் குறைவைக்கவில்லை. கட்டுப் பிரித்தபோது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. நீ அழுததாக உன் மருமகள் சொன்னாள். என்னிடம் அழவில்லை. சாயங்காலமானால் போன் செய்வாய். "மாடிக்குப் போட்டி. என்ன தெரியுது இன்னைக்கு?"

அச்சகத்து மொட்டைமாடிக்கு ஏறுவேன். எங்கள் ஊரில் சாயங்காலம் என்றால் சாம்பிள் வெடி பார்க்கிற நேரம். எந்தக் கம்பெனியாவது ஃபேன்சி ரகத்தை மேலே விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தியவள் நான், தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. போனில் சத்தம் கேட்டதும், "இது என்ன நெறம்?" என்பாய். "பச்சை" என்று சொல்லிவிட்டு, அது பச்சை மட்டும் இல்லை என்பதைப் பார்ப்பேன். "பச்சையா விரிஞ்சு, நுனி மட்டும் வெள்ளையா உதுருது" என்று திருத்துவேன். புகை கலைந்ததும் கார்த்திகை எங்கே, ரோகிணி எங்கே என்று சொல்வேன். "ஒன் ஆளு நல்லாருக்காளா?" என்று ரோகிணியை விசாரிப்பாய். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. நீ கேட்காதிருந்தால் நான் இன்னும் தலையைக் குனிந்தே நடந்துகொண்டிருப்பேன்.

அந்த வருடம் ரமலான் நோன்பு முடிகிற அன்று என்னைக் கூப்பிட்டாய். கஞ்சி குடித்த கையோடு உங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் மாடியில் பிறை தேடிக்கொண்டிருந்தார்கள். உன்னைக் கைத்தாங்கலாக ஏற்றி, நாற்காலியில் மேற்குப் பார்க்க உட்கார வைத்திருந்தார்கள். அடிவானத்தில் மஞ்சள் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் எதைப் பார்த்தாலும் பிறை என்று கத்தினார்கள். நான் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் டவருக்கும் நடுவில், மஞ்சளுக்குள் இன்னொரு வெளுப்பு.

உன் காதருகே குனிந்தேன். "படகு மாதிரி மல்லாந்து கெடக்குட்டி. ரொம்ப மெலிசு. வலது நுனி தெரியுது, இடது நுனி கரைஞ்சு போயிருக்கு."

"இவ பாத்துட்டா!" என்று கத்தினாய். உன் மகன் என் விரல் போகும் திசையில் கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். "ஆமா" என்றான். "சாச்சி சொல்லுறது சரி." கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலிலும் அறிவித்துவிட்டார்கள். மாடி முழுக்கச் சிரிப்பும் கட்டிப்பிடிப்பும். நீ என் முகத்தைத் தடவிப் பார்த்து, "அழுறியாட்டி?" என்றாய். ஆமாம், அழுதேன்.

அதற்குப் பிறகு உன் சிறுநீரகமும் கைவிட்டது. மதுரைக்கும் விருதுநகருக்குமாக அலைந்தாய். ஒருநாள் டயாலிசிஸ் படுக்கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். "ஜன்னலுக்கு வெளிய என்னட்டி தெரியுது?" என்றாய்.

"ஒண்ணுமில்லட்டி. பக்கத்துக் கட்டடத்துச் செவுருதான்."

"செவுருன்னா சும்மாவா? சொல்லு."

எழுந்து ஜன்னலோரம் நின்றேன். பூசாத சுவர். குழாய்த் தண்ணீர் வழிந்து வழிந்து பச்சையாக ஒரு தடம். வெடிப்பில் ஓர் அரசங்கன்று, இலைகள் செம்பு நிறம். அதன் மேல் வெயில் ஒரு துண்டு, நகர்ந்துகொண்டே இருந்தது. அது கன்றைத் தாண்டிப் போகும் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது நீ தூங்கியிருந்தாய்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் உன் மகன் போன் செய்தான். "சாச்சி, கெளம்பி வாங்க" என்றான். நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். முகத்தைக் காட்டினார்கள். என்னை அறியாமல் உள்ளுக்குள் சொல்லத் தொடங்கிவிட்டேன். நெற்றியில் சுருக்கம் இல்லை, உதடு லேசாகத் திறந்திருக்கிறது, பேச வாயெடுத்த மாதிரி. சொல்லிக்கொண்டே போனவள், இதை யாருக்குச் சொல்கிறேன் என்று தோன்றியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

போன மாதம் அந்த மல்லாங்கிணற்றுப் பெண் கூப்பிட்டாள். இப்போது அவள் அந்தக் கோளரங்கத்திலேயே வேலை பார்க்கிறாள். "பார்வை இல்லாத பிள்ளைங்க ஒரு ஸ்கூல்ல இருந்து வாராங்கம்மா. தூரம், எடை எல்லாம் நாங்க சொல்லிருவோம். உங்க கூட்டாளிக்கு நீங்க சொன்னீங்களே, அது எங்களுக்கு வராது. வாரீங்களா?"

தீபாவளி வேலை தலைக்கு மேல் கிடந்தது. போனேன். சனி கிழக்கே ஏறியிருந்தது. இந்த வருடம் வளையம் கொஞ்சம் விரிந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஒருத்தி, பிறவியிலேயே பார்வையில்லாதவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "வறுத்த பருப்பு நெறம்" என்று தொடங்கினேன்.

"நெறம் எனக்குத் தெரியாது. வேற மாதிரி சொல்லுங்க" என்றாள்.

 தோளில் சேலைக்குக் குத்தியிருந்த, தலையில் முத்து வைத்த ஊசியைக் கழற்றி, முத்தை அவள் விரல் நுனியில் வைத்தேன். "இம்புட்டுதான் தெரியுது." முத்தைச் சுற்றி என் நகத்தால் அவள் விரலில் ஒரு கோடு இழுத்தேன். "இதுதான் வளையம். முத்தத் தொடாமச் சுத்தி நிக்குது." அவள் விரலை மடக்கி, அந்தக் கோட்டை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது எம்புட்டுத் தூரத்துல இருக்கு?"

"அங்க இருந்து வெளிச்சம் கெளம்பி நம்மகிட்ட வர ஒரு மணி நேரத்துக்கும் மேல ஆகுமாம்."

அவள் யோசித்தாள். "அப்ப நீங்க இப்பப் பாத்தது பழசா?"

"ஆமா."

"இப்ப அது அங்கன இருக்குதான்னு உங்களுக்கும் தெரியாது?"

"தெரியாதும்மா."

"அப்ப நீங்களும் எங்கள மாதிரிதான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

 நீயாக இருந்தால் அதற்கும் ஒரு பதில் சொல்லியிருப்பாய். உன்னிடமிருந்து எனக்கு வந்தது வாய்ச் சாமர்த்தியம் இல்லை. ஒன்றைப் பார்த்ததும் கண்ணை எடுத்துவிடாமல், யாரோ கேட்கப்போகிறார்கள் என்று நிற்கிற அந்த நிற்பு மட்டும் வந்திருக்கிறது. அது போதும் எனக்கு. அச்சகத்திலும், பஸ்ஸிலும், அடுப்படியிலும் அப்படி நிற்கிறேன்.

அந்தப் பிள்ளை என் கையை உலுக்கினாள். "இன்னொரு தடவ பாத்துட்டு வந்து சொல்லுங்க. இன்னும் இருக்குதான்னு."

போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.